சூப்பர்ஹீரோ காதல் கதையில் சாவு யார் வீட்டில் விழ வேண்டும்? செங்கோட்டைப் பக்கம் வைத்து ஓர் ஒப்பீடு

சூப்பர்ஹீரோ கதை எழுத உட்காருகிறவர்கள் முதலில் சக்தியைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பறப்பானா, உடம்பில் மின்சாரம் ஓடுமா, உடை என்ன நிறம். அடிதடிக் கதைக்கு அது போதும். நடுவில் ஒரு குடும்பச் சாவு விழுந்து ஆட்டம் காணும் காதல் கதைக்கு அந்த வரிசை உதவாது. யார் சாகிறார், அந்த நேரத்தில் நாயகன் எங்கே நின்றான், அவளிடம் கடைசியாக என்ன சொன்னான் என்ற மூன்றும் முடிவான பிறகுதான் அவன் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் பறக்கலாம் என்றே தீர்மானிக்க முடியும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரே களம் இருந்தால் நல்லது. செங்கோட்டையை எடுத்துக்கொள்வோம். 1956 நவம்பர் 1-க்கு முன்பு மலைக்கு அந்தப் பக்கத்துத் திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்த ஊர். இப்போது தென்காசி மாவட்டம். மேற்கே புளியரை, கோட்டைவாசல் தாண்டினால் ஆரியங்காவு, தென்மலை, புனலூர். பாவூர்சத்திரம் சந்தையில் ஏற்றிய காய்கறி லாரிகள் 744-ஆம் எண் நெடுஞ்சாலையில் ராத்திரியோடு ராத்திரியாக மலை இறங்கிக் கேரளாவுக்குப் போகும். நாயகி செண்பகம், வயது 27, தையல் கடை வைத்திருக்கிறாள். அவள் அண்ணன் இசக்கிமுத்து லாரி ஓட்டுகிறான். மனைவியும் ஒரு கைக்குழந்தையும் உண்டு. நாயகன் சுடலைமணி மின்வாரியத்தில் வயர்மேன். அவன் செண்பகத்துக்கு அத்தை மகன். இந்த முறை உறவு ஏன் என்பது பின்னால் வரும். வாளையார் பக்கமும் இதே எல்லைக் கதையை வைக்கலாம். ஆனால் அங்கே மலை விலகி வழி விட்டுவிடுகிறது. லாரி இறங்க வேண்டிய கொண்டை ஊசி வளைவுகளும் ஆனி மாதச் சாரலும் கிடைக்காது.

சாவுக்கு ஆறு வழி

காதலியே சாவது பழைய வழி, மிகவும் தேய்ந்த வழி. 1994-ல் கிரீன் லான்டர்ன் காமிக்ஸின் 54-வது இதழில் நாயகனின் காதலியைக் கொன்று குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். 1999-ல், நாயகனுக்குக் கோபம் வருவதற்காகவே இப்படிச் சாகடிக்கப்பட்ட பெண்களின் பட்டியல் ஒன்று இணையத்தில் வந்தது. அந்தப் பெட்டியே பட்டியலுக்குப் பெயராகவும் ஆகிவிட்டது. இந்த வழியில் போனால் காதல் ஆட்டம் காணாது, முடிந்துபோகும். மிச்சமிருப்பது பழி. தள்ளிவிடலாம்.

நாயகனின் பெற்றோர் கதை தொடங்கும் முன்பே இறந்திருப்பது இரண்டாவது வழி. சூப்பர்மேனும் பேட்மேனும் வந்த 1938, 1939 காலத்திலிருந்து இந்தக் கலைக்கு இதுதான் அஸ்திவாரம். ஆனால் அந்தத் துக்கம் பழையது, ஆறியது. காதலிக்கு அதில் கிடைப்பது ஆறுதல் சொல்லும் வேலை மட்டும்.

வில்லன் கையால் அவள் அப்பா சாவது மூன்றாவது. இதில் சிக்கல், துக்கத்துக்கு ஒரு விலாசம் கிடைத்துவிடுவது. அடிக்க வேண்டிய ஆள் தெரிந்ததும் இருவரும் ஒரே பக்கம் சேர்ந்துவிடுவார்கள். காதல் இன்னும் இறுகும். உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு. 2021-ல் வந்த மலையாளப் படம் 'மின்னல் முரளி' இதைத் திருப்பிப் போட்டது. காதலியையும் அவள் குழந்தையையும் தீயில் இழப்பவன் அதில் வில்லன். அந்தத் துக்கம் அவ்வளவு கனமானது என்பதால் படம் முடியும்போது நாயகனைவிட அவன்தான் மனதில் நிற்கிறான். துக்கத்தை யாரிடம் கொடுக்கிறோமோ கதை அவரிடம் போய்விடும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

நான்காவது, நாயகன் கைபட்டே சாவது. காப்பாற்றப் போய்க் கொன்றுவிடுவது. 1973-ல் ஸ்பைடர்மேன் 121-வது இதழில் பாலத்திலிருந்து விழும் காதலியை வலை பிடித்து நிறுத்துகிறது. நின்ற வேகத்தில் கழுத்து போகிறது. வலுவான வழிதான், ஆனால் எழுதுகிறவர் கணக்கில் கோட்டை விடுவது இங்கேதான் அதிகம். கணக்கு எளிது: விழுந்த உயரத்தை, நிறுத்தும் தூரத்தால் வகுத்தால் எத்தனை 'ஜி' விசை (ஒரு ஜி என்பது அவரவர் உடல் எடை அளவு) என்பது ஏறத்தாழ வந்துவிடும். 30 மீட்டர் விழுந்தவர் மணிக்கு 87 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறார். நாயகன் நின்ற இடத்திலேயே கையை நீட்டி அரை மீட்டருக்குள் பிடித்தால் 60 ஜி. போர் விமானிகள் அதற்கென்று உடை அணிந்து, பயிற்சி எடுத்துத் தாங்குவதே 9 ஜி வரைதான். கை இரும்பு என்றால் தரையில் விழுவதற்கும் கையில் விழுவதற்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். உயிரோடு பிடிக்க வேண்டுமென்றால் அவனும் கூடவே அதே வேகத்தில் கீழே பாய்ந்து, பிடித்த பிறகு 6 மீட்டருக்குக் குறையாமல் இழுத்து வேகத்தைக் குறைக்க வேண்டும்; அப்போது 5 ஜி. இந்த வழியை எடுத்தால், அவனுக்கு இந்த விவரம் தெரியாது என்பது முன்பே ஒரு சின்னக் காட்சியில் வந்திருக்க வேண்டும். பிறகு சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும். இன்னொரு குறையும் உண்டு: குற்றம் முழுக்க அவனுடையது. அவள் மன்னிப்பாளா மாட்டாளா என்ற ஒரே கேள்வியில் கதை சுருங்கிவிடும்.

ஐந்தாவது, ஆள் காணாமல் போவது. மண்சரிவில் லாரி போனது, உடல் கிடைக்கவில்லை. நம் பக்கத்துக்கு இது மற்ற எதையும்விடக் கொடியது. உடல் இல்லாமல் வாய்க்கரிசி இல்லை, காடாற்று இல்லை, பதினாறு இல்லை. துட்டி, அதாவது துக்கம், கேட்க வருகிறவர்கள் வாசலில் நின்று கேட்பதா வேண்டாமா என்று முழிப்பார்கள். மனைவியின் நெற்றிப் பொட்டை என்ன செய்வது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஏழு ஆண்டு தகவல் இல்லாமல் இருந்தால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டம். நாயகன் தினமும் மலைக்கு மேலே பறந்து தேடுவான்; அவள் தினமும் கேட்பாள். நாவலுக்கு இது நல்ல வழி. 250 பக்கமாவது கையில் இல்லாவிட்டால் தொடாதீர்கள். ஏழு வருஷக் காத்திருப்பைச் சிறுகதையில் சொன்னால் வெறும் தகவலாக நிற்கும்.

ஆறாவது வழிதான் இந்தக் கதைக்கு ஏற்றது: வரக்கூடியவன் வேறொரு இடத்தில் வேறு யாரையோ காப்பாற்றிக்கொண்டிருந்தான். வில்லன் கிடையாது, அவன் கையும் படவில்லை, உடலும் கிடைக்கிறது. அவன் செய்தது சரி. அது சரி என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் அண்ணன் போய்விட்டான். காதல் ஆட்டம் காண்பதற்கு இதைவிட நல்ல அடித்தளம் இல்லை.

நிமிடக் கணக்கு

ஆறாவது வழி நிற்பதும் விழுவதும் நேரக் கணக்கில்தான். இதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்காமல் முதல் வரி எழுதக் கூடாது.

கடையநல்லூர்ப் பக்கம் குளத்துக்கரையில் ஒரு பஸ் சரிந்து தொங்குகிறது. உள்ளே 34 பேர். ராத்திரி 2.05-க்கு சுடலைமணி அதைத் தோளில் முட்டுக் கொடுத்துப் பிடிக்கிறான். பின்பக்கக் கண்ணாடி வழியாக ஒவ்வொருவராக வெளியே வர ஆளுக்கு அரை நிமிடம். 34 பேருக்கு 17 நிமிடம். 2.22-க்குக் கடைசி ஆள் வெளியே. இதற்கு நடுவே 2.10-க்கு செண்பகத்தின் போன். ஆரியங்காவு தாண்டி அண்ணன் லாரி உருண்டுவிட்டது, கேபினில் கால் மாட்டிக்கொண்டது, தண்ணீர் ஏறுகிறது. அண்ணன் இன்னொரு போனில் அவளோடு பேசிக்கொண்டிருக்கிறான். சுடலைமணி சொல்வது ஒரே வார்த்தை: "வாரேன்."

2.31-க்கு அண்ணனின் குரல் நின்றுவிடுகிறது.

இனி வேகம். இரண்டு இடத்துக்கும் நேர்கோட்டில் 25 கிலோமீட்டர் என்று வைப்போம். மணிக்கு 300 கிலோமீட்டர் பறந்தால் 5 நிமிடம். 2.22-க்குக் கிளம்பி 2.27-க்குப் போய்விடுவான், சாவே இல்லை, கதையும் இல்லை. 40 கிலோமீட்டர் என்றால் 37 நிமிடத்துக்கு மேல். போன் வந்த உடனே கிளம்பியிருந்தாலும் முடியாது. குற்ற உணர்வு வராது, வெறும் விதி என்று போய்விடும். 100 கிலோமீட்டர் என்றால் 15 நிமிடம். 2.22-க்குக் கிளம்பினால் 2.37. ஆறு நிமிடம் பிந்திவிட்டான். ஆனால் 2.15-க்குக் கிளம்பியிருந்தால் 2.30, ஒரு நிமிடம் முன்னால். 2.15-ல் பஸ்ஸுக்குள் மிச்சம் எத்தனை பேர்? பத்து நிமிடத்தில் 20 பேர் இறங்கியிருப்பார்கள். மிச்சம் 14.

இந்தப் பதினாலுதான் கதை. வேகம் இந்த எண்ணுக்காகவே 100 ஆகிறது. செண்பகம் தையல்காரி, அளவு, கழிவு, மிச்சம் எல்லாம் மனக்கணக்காகப் போடுகிறவள். பதினாறாம் நாளுக்குள் அவளே இந்தக் கணக்கைப் போட்டுவிடுவாள். "அந்தப் பதினாலு பேரும் எனக்கு யாரு?" என்று ஒரு தடவை மட்டும் கேட்கட்டும். இரண்டாம் முறை கேட்டால் வசனம்.

நாயகனின் சக்தியைப் பெரிதாக்கிக்கொண்டே போகும் ஆசை எல்லோருக்கும் வரும். ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,235 கிலோமீட்டர். அதில் பறக்கிறவனுக்கு செங்கோட்டையிலிருந்து புனலூர் மூன்று நிமிடத்துக்குள். அவன் பஸ்ஸையும் பார்ப்பான், லாரியையும் பார்ப்பான், திரும்பி வந்து காப்பியும் குடிப்பான். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவிக்கு மறைய வேண்டுமானால் மின்சாரம் பாய வேண்டும், மறைந்த பிறகும் அந்தக் கை மட்டும் வெளியே தெரியும். தமிழ் வாசகருக்குக் குறையுள்ள சக்தி அன்றிலிருந்தே பழக்கம். சுடலைமணிக்கும் ஒரு குறை வையுங்கள்: மழையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் துளி ஒவ்வொன்றும் கண்ணில் ஊசியாக இறங்கும். வயர்மேன் ஹெல்மெட்டும் ஒரு பைக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு பறக்கட்டும். தனி உடுப்பு வேண்டியதில்லை.

அவளுக்கு ரகசியம் தெரியுமா?

தெரியாது என்று வைத்தால் பாதிக் கதையில் ஒரு திடுக்கிடல் கிடைக்கும். அதற்கு விலை அதிகம். அவன் யார் என்று தெரியவரும் நாளில் 'பொய் சொன்னாயே' என்ற கோபம் கிளம்பி, 'அண்ணன் போனானே' என்ற துக்கத்தை மேலேறி மூடிவிடும். இரண்டும் ஒரே காட்சியில் நிற்காது. வாசகரும் பொய்யை விசாரிக்கப் போய்விடுவார்.

தெரியும் என்று வைப்பதே மேல். அப்போது அவள் நிலைமை விசித்திரமாகிறது: வீட்டில் அவளுக்கு மட்டும்தான் அவன் மேல் கோபப்படக் காரணம் உண்டு. அந்தக் காரணத்தை யாரிடமும் சொல்ல முடியாது. துட்டிக்கு வந்த பெண்கள் கட்டிப்பிடித்து அழும் வட்டத்துக்குள் அவளும் உட்கார்ந்திருக்கிறாள். எல்லோரும் எமனைத் திட்டுகிறார்கள், மழையைத் திட்டுகிறார்கள், ரோட்டைத் திட்டுகிறார்கள். அவள் திட்ட வேண்டியவன் வாசலில் பந்தல் கட்ட மூங்கில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். வெளியே சொல்லி அழ முடியாத துக்கத்துக்கு ஆய்வாளர்கள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். 1989-ல் கென்னத் டோகா அதைப் பற்றி எழுதினார். சூப்பர்ஹீரோக் கதையின் முகமூடி, காதலியிடம் இந்தத் துக்கமாக வந்து சேர்கிறது.

அம்மைக்கு ரகசியம் தெரியாது. அவளோ மருமகனைத்தான் பிடித்துக்கொள்வாள். "மருமகனே, இனி நீதான் இந்த வீட்டுக்கு" என்று அவன் கையைப் பிடித்து அழும்போது செண்பகம் அடுக்களைக்குள் எழுந்து போய்விடுவது ஒரு முழு அத்தியாயத்துக்குச் சமம். சாவு வீட்டில் அடுப்புப் பற்றவைத்திருக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டிலிருந்து வந்த காப்பித் தூக்குச்சட்டி மட்டும் அங்கே இருக்கும். அதை எழுதுங்கள். அவள் என்ன நினைத்தாள் என்று எழுத வேண்டாம்.

முறை மாப்பிள்ளையா, ஊருக்குத் தெரியாத காதலா?

சொந்தத்துக்கு வெளியே, மறைத்து வைத்த காதல் என்றால் அவன் தெருமுனையில் மற்றவர்களோடு நிற்க வேண்டியதுதான். உள்ளே போக முடியாத துயரம் கிடைக்கும். மொழியிலும் ஒரு வசதி உண்டு: நேற்றுவரை 'நீ, வா' என்று பேசியவள், அம்மை முன்னால் 'வாங்க' என்று சொல்லும் அந்த ஒரு சொல்லில் விரிசல் தெரிந்துவிடும்.

அத்தை மகன் என்றால் அந்த வசதி போய்விடும். நெல்லைச் சீமையில் 'அத்தான், வாங்க' என்பதுதான் முன்பும் பின்பும். விரிசலைக் காட்ட வேறு வழி தேட வேண்டும். 'அத்தான்' என்ற சொல்லை அவள் விட்டுவிடுவதுதான் அது. "எங்க இருந்திய?" என்று மட்டும் கேட்பாள். வாசகர் உடனே கவனிக்காமல் போகலாம். மூன்று இடத்தில் விட்டால் கவனிப்பார்.

ஆனாலும் அத்தை மகனையே எடுத்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் பாடை. பங்காளியும் மச்சான் முறையும் தோள் கொடுப்பார்கள். செத்தவன் அவனுக்கு மச்சான், ஒதுங்கி நிற்க வழியில்லை. பஸ்ஸைத் தாங்கிப் பிடித்தவன் தோளில் பாடையின் ஒரு முனை. நாலு பேர் தூக்கும்போது அவன் கால் பங்கு மட்டும்தான் தாங்க வேண்டும். கொஞ்சம் கூடத் தூக்கினாலும் பாடை சாயும், முன்னால் போகிறவர் திரும்பிப் பார்ப்பார். அவன் சக்தி முழுவதும் தன்னைக் குறைத்துக்கொள்வதில் செலவாகிறது. சண்டைக் காட்சிக்குப் பதில் இதை வையுங்கள். தெருவில் எத்தனை நடை, எங்கே தோள் மாற்றினார்கள், சாரலில் மூங்கில் எப்படி வழுக்கியது என்று ஒன்றரைப் பக்கம் நிதானமாக எழுதலாம்.

தீட்டுக் கணக்கிலும் ஒரு லாபம். சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் மாறும் என்றாலும், நீண்ட தீட்டு பங்காளிகளுக்கு. பெண் கொடுத்து எடுத்தவர்களுக்குப் பொதுவாகச் சில நாள்தான். அவன் நாலாம் நாள் குளித்து வேலைக்குப் போய்விடலாம். அவள் வீட்டுக்கோ ஒரு வருஷம் பண்டிகை கிடையாது, மலைக் கோவிலுக்குப் போகக் கூடாது. கார்த்திகையில் மாலை போட்ட சாமிமார் வண்டி வண்டியாகச் செங்கோட்டை வழியே ஆரியங்காவுக்கும் அச்சன்கோவிலுக்கும் போகும்போது, வருஷா வருஷம் மாலை போடும் அவள் அப்பா திண்ணையில் வெறுங்கழுத்தோடு உட்கார்ந்திருப்பார். அவர் தலைக்கு மேலே, மேகத்துக்குள், மருமகன் அதே மலையைத் தாண்டிக்கொண்டிருப்பான். ஒரே சாவுக்கு இருவரிடமும் இரண்டு காலண்டர்.

கல்யாணமும் இந்தக் காலண்டரில் மாட்டும். சாவு விழுந்த வருஷத்துக்குள்ளேயே நல்ல காரியத்தை முடித்துவிட வேண்டும் என்பார்கள் சில வீட்டார். ஆண்டு திரும்பட்டும் என்பார்கள் சிலர். அம்மை முதல் கட்சி, அப்பா இரண்டாம் கட்சி என்று பிரித்தால், செண்பகம் வாயைத் திறக்காமலேயே நெருக்கடி கூடும்.

துக்கத்தை எப்படி அடுக்குவது

மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்து படி எல்லோருக்கும் தெரிந்ததாகிவிட்டது. எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் அதைச் சாகப்போகும் நோயாளிகளைக் கவனித்து எழுதினார். இழந்தவர்களுக்கான படிக்கட்டாக அல்ல. ஐந்து படியை ஐந்து அத்தியாயமாக அடுக்கினால் வாசகர் மூன்றாவதிலேயே முடிவைச் சொல்லிவிடுவார். 1999-ல் ஸ்ட்ரோபேயும் ஷூட்டும் முன்வைத்தது எழுத்துக்கு அதிகம் உதவும்: இழந்தவர் ஒரே நாளில் துக்கத்துக்கும் மிச்சமிருக்கும் வேலைக்கும் இடையே ஊசலாடுகிறார். காலை பத்து மணிக்கு அண்ணன் சட்டையை முகர்ந்து அழுதவள், பதினொன்றுக்கு லாரிக் கடன் தவணைக்காகப் போனில் பேசுவாள். இரண்டும் ஒரே அத்தியாயத்தில் இருக்க வேண்டும்.

அந்த வேலைகளில்தான் எல்லை நாடு தன்னைக் காட்டும். சாவு நடந்தது கேரளப் பக்கம். பிறப்பும் இறப்பும் நடந்த இடத்தில்தான் பதிவு. செங்கோட்டையில் பதிய முடியாது. 21 நாளுக்குள் பதிய வேண்டும். விபத்து என்பதால் முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை இரண்டும் அங்கேதான். அறிக்கை மலையாளத்தில் இருக்கும். இன்சூரன்ஸுக்கு அதன் தமிழோ இங்கிலீஷோ கேட்பார்கள். வாரிசுச் சான்றிதழ் இந்தப் பக்கம் தாசில்தார் அலுவலகத்தில். பதினாறாம் நாளுக்கும் 21-ஆம் நாளுக்கும் நடுவே ஐந்தே நாள். ஒரு பஸ் பயணத்தை அங்கே வைத்துவிடுங்கள்: செண்பகமும் மதினியும் கைக்குழந்தையும், கூட அவனும். லாரி உருண்ட வளைவு வழியாகத்தான் பஸ் போகும். பறக்கத் தெரிந்தவன் ஜன்னலோரம் உட்கார்ந்து டிக்கெட்டை மடித்துக்கொண்டிருக்கிறான்.

லாரியைத் தூக்கத் தெரிந்தவனுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. திருவிதாங்கூர் காலத்தில் பள்ளிக்கூடம் போன ஒரு கிழவர், எண்பத்தைந்து வயது, தெருவில் இருக்கிறார் என்று வைக்கலாம். அவர் அறிக்கையை வாசித்துத் தமிழில் சொல்ல, சுடலைமணி எழுதிக்கொள்கிறான். மணி 2.31 என்று போலீஸ் அறிக்கையில் இருக்காது. அது அவளுக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்த நேரம். கிழவர் 'அதிகாலை மூணு மணி அளவில்' என்று வாசிப்பார். அவன் பேனா ஒரு நொடி நிற்கும், பிறகு அப்படியே எழுதும்.

பிறகு ஆடி அமாவாசை. குற்றாலத்தில் இந்தப் பக்கத்துக் கூட்டம் தர்ப்பணத்துக்கு இறங்கும்; மலைக்கு அப்பால் அதே நாளுக்குக் கர்க்கடக வாவு பலி என்று பெயர். ஆனி முதல் வாரச் சாவு என்றால் அமாவாசை இரண்டு மாதத்துக்குள் வந்துவிடும். இந்தக் காட்சியைப் பெரிதாக்க ஆசை வரும். அருவியும் எள்ளும் தண்ணீரும் தானே அழகாக இருக்கும். அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். காதலுக்கு அங்கே எதுவும் நடக்கவில்லை.

நடக்க வேண்டிய இடம் தையல் கடை. ஐப்பசியில் ஒரு பெண் ஜாக்கெட் தைக்க வருகிறாள். அளவு எடுக்கும்போது தோள்பட்டையில் ஒரு நீளத் தழும்பு. "பஸ் கண்ணாடி கிழிச்சது, கடையநல்லூர்ல" என்கிறாள். பதினாலில் ஒருத்தி. செண்பகம் டேப்பை வைத்துத் தோள் பதினாலரை என்று எழுதிக்கொள்கிறாள். துணியை வாங்குகிறாள். தழும்பில் தையல் உராயாமல் இருக்க ஒரு விரல் தள்ளி ஜாக்கெட் கையை வெட்டுகிறாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாதீர்கள். இந்தப் பெண் நன்றி சொல்லி அழுதாலோ, சாமி மாதிரி ஒருத்தர் வந்து தூக்கினார் என்று வர்ணித்தாலோ கதை அங்கேயே கெட்டுவிடும்.

யார் வாயால் சொல்வது

நாயகன் 'நான்' என்று சொன்னால் குற்ற உணர்வு நன்றாக வரும், கூடவே தன்னிரக்கமும் வரும். பத்துப் பக்கத்துக்குமேல் தாங்காது. செண்பகம் சொன்னால் பஸ் காட்சியை நேரில் காட்ட முடியாது, அவள் கற்பனையில்தான் வர வேண்டும். அது குறையே அல்ல. அவள் அந்தப் பதினேழு நிமிடத்தைத் திரும்பத் திரும்ப வேறு வேறு விதமாகக் கற்பனை செய்வாள். ஒரு முறை 34 பேரும் கிழவர்கள், ஒரு முறை எல்லாரும் குழந்தைகள்.

மூன்றாவது, வில்லுப்பாட்டுக் குரல். அகாலமாகச் செத்தவர்களைத் தெய்வமாக்கிக் கொடை கொடுத்துப் பாடும் மண் இது; சக்தி பெற்ற மனிதனின் கதை இங்கே இறக்குமதிச் சரக்கு அல்ல. பாட்டுக்காரர் சொல்ல, பின்பாட்டு 'ஆமா' போட, கதையை நகர்த்தலாம். அழகான உத்தி. ஆனால் வில்லுப்பாட்டில் தெய்வமாகிறவன் செத்தவன். இசக்கிமுத்து பெரிதாகிச் சுடலைமணி சின்னவனாவான். அதைத் தாங்கிக்கொள்ளத் தயார் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் செண்பகமே சொல்லட்டும்.

படக்கதையாகச் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தமிழ்ச் சொல் நீளம், வசன பலூனுக்குள் 15 சொல்லுக்கு மேல் போனால் படத்தை மூடிவிடும். 2.05 முதல் 2.37 வரை உள்ள பக்கங்களில் வசனமே வேண்டாம். ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் நேரம் மட்டும் போதும். 2.31-க்கு வெற்றுக் கட்டம் வைக்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். பஸ்ஸிலிருந்து கடைசியாக இறங்கிய கிழவி தன் செருப்பைத் தேடுவதை வரையலாம்.

முடிவு

சேர்ந்துவிடுவது, பிரிந்துவிடுவது, இரண்டும் சுலபம். சேர்த்தால் அண்ணனை மறந்தது போலிருக்கும். பிரித்தால் பஸ்ஸில் இருந்தவர்களைக் காப்பாற்றியது தப்பு என்று கதையே தீர்ப்புச் சொன்னது போலாகும். அவன் சக்தியைத் துறந்துவிடுவது இன்னொரு வழி, மூன்றிலும் மோசம். அடுத்த பஸ்ஸுக்கு யார் போவது?

துட்டி வீட்டிலிருந்து கிளம்புகிறவர் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது. சொல்லாமல் எழுந்து போய்விட வேண்டும். அடக்கம் முடிந்த அன்று சுடலைமணி அப்படித்தான் போயிருப்பான். 'வாரேன்' என்று சொல்லிவிட்டுப் பிந்தி வந்தவனுக்கு அன்றைக்கு அந்த வழக்கம் ஒரு தப்பிப்பு. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் ஏதாவது சாக்கில் சொல்லாமலே போகிறான் என்று வையுங்கள்: போன் வருகிறது, பஸ் வருகிறது, அம்மை கூப்பிடுகிறாள். ஆண்டு திரும்பி, வீடு வெள்ளையடித்து, முதல் விளக்கு ஏற்றிய சாயங்காலம் மலைப்பக்கம் மறுபடி இருட்டிக்கொண்டு வருகிறது. அவன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வாசல்படியில் நிற்கிறான்.

"போயிட்டு வாரேன்."

செண்பகம் 'சரி' என்றால் மன்னித்துவிட்டாள். பேசாமல் உள்ளே போனால் மன்னிக்கவில்லை. இரண்டையும்விட, பல்லில் கடித்த நூலை அறுத்துவிட்டு, தலை நிமிராமல் அவள் இப்படிக் கேட்பதுதான் இந்தக் கதைக்குப் பொருந்தும்:

"எத்தன மணிக்கு, அத்தான்?"